ஜாமீன் கையெழுத்தில் தொடங்கிய படிப்பு

வாட்ஸ்ஆப் ஸ்டேட்டஸில் என் பாராலீகல் (வக்கீலுக்குச் சட்ட வேலையில் உதவுகிறவர்) டிப்ளமா சான்றிதழைப் போட்டதிலிருந்து ஒரே விசாரிப்பு. எங்க படிச்சீங்க அக்கா, எவ்வளவு ஆச்சு, இதை வச்சு கோர்ட்ல வாதாடலாமா, என் பையன் பிளஸ் டூ முடிச்சுட்டு சும்மா இருக்கான் அவனைச் சேர்த்து விடலாமா. ஒவ்வொருத்தருக்கும் வாய்ஸ் நோட் அனுப்பித் தொண்டை வறண்டதுதான் மிச்சம். அதனால் மொத்தத்தையும் இங்கே எழுதி வைக்கிறேன், இனி கேட்பவர்களுக்கு இந்த லிங்க்தான்.

கடலூரில் கோர்ட்டுக்கு வெளியே ஜாப் டைப்பிங், ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பதினாறு வருஷம் ஆகிறது. பாமினி கீபோர்டில் கண்ணை மூடிக்கொண்டு "மனுதாரர் மிகவும் பணிந்து சமர்ப்பிப்பது யாதெனில்" என்று அடிப்பேன். பிராது, வக்காலத்து, வாய்தா மனு, நகல் மனு, அஃபிடவிட், எல்லாவற்றுக்கும் என் கம்ப்யூட்டரில் ஒரு மாதிரி இருக்கும். பெயரையும் தேதியையும் மாற்றி பிரிண்ட் எடுத்தால் வேலை முடிந்தது. உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று வாசித்ததே கிடையாது. வாசித்தால் வேகம் குறையும், வேகம் குறைந்தால் குமாஸ்தா பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் 2022இல் எதிர்வீட்டு அக்காவின் பையன் ஒரு அடிதடி கேஸில் மாட்டினான். ஜாமீன் கிடைத்துவிட்டது, அவன் ஒழுங்காகக் கோர்ட்டுக்கு வருவான் என்று பொறுப்பேற்கும் ஷூரிட்டிக்கு ஆள் வேண்டும். வீட்டு வரி ரசீது என் பெயரில் இருக்கிறது, ஆதார் இருக்கிறது, போட்டோ கடையிலேயே இருக்கிறது. அந்த அக்கா கண் கலங்கி நின்றதும் "அதுக்கென்னக்கா" என்று கையெழுத்துப் போட்டுவிட்டேன். பையன் நாலு மாதம் ஒழுங்காக வந்தான். அப்புறம் திருப்பூருக்கு வேலைக்குப் போனவன் மூன்று வாய்தா தொடர்ந்து வரவில்லை. அவனுக்குப் பிடிவாரன்ட், எனக்கு நோட்டீஸ். பிணைத்தொகை பத்தாயிரத்தை ஏன் உங்களிடம் வசூலிக்கக் கூடாது, காரணம் காட்டுங்கள் என்று.

நோட்டீஸைப் பார்த்துவிட்டு என் கம்ப்யூட்டரில் நான் கையெழுத்துப் போட்ட அந்த ஷூரிட்டி பத்திரத்தைத் திறந்தேன். "மேற்படி எதிரி வாய்தா தவறாமல் ஆஜராகாத பட்சத்தில் ரூபாய் பத்தாயிரத்தை அரசுக்குச் செலுத்த இதன் மூலம் உறுதியளிக்கிறேன்." நானே அடித்தது. என் கடையில், என் கீபோர்டில், நூறு தடவைக்கு மேல் அடித்த வரி. அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் படித்தேன்.

கடைக்கு வரும் ஒரு ஜூனியர் வக்கீல் தம்பி மனு போட்டுக் கொடுத்தார். பையனையும் தேடிப் பிடித்துக் கொண்டுவந்து ஆஜர்படுத்தினோம். தொகையில் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்ய மாஜிஸ்திரேட்டுக்கு அதிகாரம் உண்டு, அப்படிக் குறைத்து மூவாயிரத்தோடு விட்டார்கள். சி.ஆர்.பி.சி. (குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 446 என்று அந்தத் தம்பி சொன்னார். இப்போது அது, அதற்குப் பதிலாக வந்த பி.என்.எஸ்.எஸ். என்ற புதுச் சட்டத்தில் 491 ஆகிவிட்டது, அந்தக் கதைக்கு அப்புறம் வருகிறேன். அந்த எதிர்வீட்டு அக்கா இன்று வரை மூவாயிரத்தைப் பற்றி மூச்சு விடவில்லை, அதுவும் வேறு கதை.

புதுச்சேரியில் ஒரு கம்யூனிட்டி காலேஜில் சனி, ஞாயிறு வகுப்பு, ஒரு வருட பாராலீகல் டிப்ளமா என்ற விளம்பரத்தை அந்தச் சூட்டோடுதான் பார்த்தேன். அப்புறமும் யோசித்து யோசித்து 2024 ஜனவரியில்தான் சேர்ந்தேன். காலேஜ் பெயர் வேண்டாம், கொஞ்சம் குறையும் சொல்லப்போகிறேன். கட்டணம் என் கடையின் ஒரு மாத வாடகையை விடக் குறைவு என்பது மட்டும் சொல்கிறேன்.

கம்யூனிட்டி காலேஜ் என்றால் நம் ஊரில் பலருக்கும் டியூட்டோரியல் மாதிரி ஒரு நினைப்பு. அமெரிக்காவில் அது பெரிய விஷயம். அங்கே இருக்கும் என் நாத்தனார் மகள் கிரிமினல் ஜஸ்டிஸ் படிப்பதே கம்யூனிட்டி காலேஜில்தான். இரண்டு வருடம், சுமார் 60 கிரெடிட், முடித்தால் அசோசியேட் டிகிரி, பிறகு பல்கலைக்கழகத்தில் மூன்றாம் வருடத்தில் சேர்ந்துகொள்ளலாமாம். இந்தியாவில் இந்த யோசனை முதலில் வந்த இடமே நம்ம புதுச்சேரிதான், 1995இல் புதுச்சேரிப் பல்கலைக்கழகம் முதல் கம்யூனிட்டி காலேஜைத் தொடங்கியது. அடுத்த வருடம் சென்னையில் ஒன்று. பின்னால் இக்னோ, யூ.ஜி.சி. எல்லாம் திட்டமாக எடுத்துக்கொண்டன. ஆனால் அமெரிக்கா மாதிரி இங்கே பாராலீகல் என்று தனித் தொழில் கிடையாது. அங்கே வக்கீல் ஆபீசில் பாராலீகல் செய்கிற வேலையை இங்கே குமாஸ்தாவும் ஜூனியரும் என்னை மாதிரி டைப்பிஸ்ட்டும் சேர்ந்து செய்கிறோம். வேலை இருக்கிறது, பெயர்தான் இல்லை.

எங்கள் வகுப்பில் இருபத்து சொச்சம் பேர். ஊர்க்காவல் படைத் தம்பி ஒருவர், ஓய்வு பெற்ற தலையாரி ஒருவர், ஒரு நர்ஸ், அம்மாக்கள் கட்டாயப்படுத்திச் சேர்த்துவிட்ட இரண்டு பெண்பிள்ளைகள், கோர்ட் கேஸில் சொத்தை இழந்துவிட்டு "இனியாவது தெரிஞ்சுக்கணும்" என்று வந்த ஒரு பெரியவர். குற்றவியல் சட்டம் எடுத்தவர் ஓய்வு பெற்ற அரசு வழக்கறிஞர். முதல் நாள் சட்டம் என்றால் என்ன என்று ஆரம்பிப்பார் என்று நோட்டைத் திறந்து வைத்திருந்தேன். அவர் பெயர்களை அழித்த ஒரு எஃப்.ஐ.ஆர். ஜெராக்ஸை ஆளுக்கொன்று கொடுத்து, "இதுல என்ன தப்பு இருக்குன்னு கண்டுபிடிங்க" என்றார்.

எஃப்.ஐ.ஆர். நகல் ஆயிரக்கணக்கில் ஜெராக்ஸ் போட்டவள் நான். அந்தப் படிவத்தில் எத்தனை கட்டம் இருக்கிறது என்றுகூடத் தெரியாது. சார் ஒவ்வொன்றாகக் கேட்டார். சம்பவம் நடந்த நேரம் எது, ஸ்டேஷனுக்குத் தகவல் வந்த நேரம் எது, இரண்டுக்கும் நடுவில் எத்தனை மணி நேரம், தாமதத்துக்குக் காரணம் என்ற கட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது, சம்பவ இடம் ஸ்டேஷனிலிருந்து எந்தத் திசையில் எவ்வளவு தூரம். கடைசியாக, கோர்ட்டுக்கு அனுப்பிய தேதியும் நேரமும். எங்களிடம் இருந்த நகலில் ஸ்டேஷன் மூன்று கிலோமீட்டர் தூரம், தகவல் மறுநாள் மாலை வந்திருக்கிறது, தாமதத்துக்குக் காரணம் "இல்லை". கோர்ட்டுக்குப் போனது அதற்கும் மறுநாள். "இந்த ஒரு பக்கத்தை வச்சுக்கிட்டே எதிர்த்தரப்பு வக்கீல் அரை மணி நேரம் குறுக்கு விசாரணை பண்ணுவார், நான் நின்னு வாங்கிக்கட்டியிருக்கேன்" என்றார் சார். நடுவில் யாராவது யோசித்து, பேசி வைத்து, பெயரைச் சேர்த்தோ நீக்கியோ எழுதினார்களா என்ற சந்தேகத்துக்கு அந்த நேர இடைவெளிதான் வாசல். அதனால்தான் மாஜிஸ்திரேட் கையில் கிடைத்த நேரத்தையும் குறித்துக் கையெழுத்துப் போடுகிறார். அந்தச் சின்னக் கையெழுத்தை நான் மை கொட்டியது என்று நினைத்து ஜெராக்ஸில் வெளிச்சம் கூட்டி மறைத்திருக்கிறேன், சத்தியமாக.

திங்கட்கிழமை கடை திறந்ததும் வந்த முதல் எஃப்.ஐ.ஆரை முழுதாகப் படித்தேன். வெளியே நான்கு பேர் வரிசையில் நின்று திட்டினார்கள்.

சி.எஸ்.ஆர். விஷயமும் அந்த மாதம்தான் புரிந்தது. நம் ஊரில் புகார் கொடுத்தால் ஒரு ரசீது தருவார்கள், பாதிப் பேர் அதையே எஃப்.ஐ.ஆர். என்று நினைத்து பத்திரமாக லேமினேட் செய்ய என்னிடம் கொண்டுவருவார்கள். நானும் செய்து கொடுத்திருக்கிறேன். சி.எஸ்.ஆர். என்பது மனு வந்தது என்பதற்கான பதிவு, அவ்வளவுதான். வாரன்ட் இல்லாமலே கைது செய்யத்தக்க குற்றம் என்று தகவலிலேயே தெரிந்தால் வழக்குப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்று 2013இல் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. புதுச் சட்டத்தில் மூன்று வருடத்திலிருந்து ஏழு வருடத்துக்குள் தண்டனை உள்ள குற்றங்களுக்கு டி.எஸ்.பி. அனுமதியோடு பதினான்கு நாளில் முதற்கட்ட விசாரணை நடத்திப் பார்க்க ஒரு வழி வைத்திருக்கிறார்கள், இதை சாருக்குப் பிடிக்கவில்லை, எனக்கும் பிடிக்கவில்லை. பதிவு செய்ய மறுத்தால் எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்பலாம், அதற்கும் அசையாவிட்டால் மாஜிஸ்திரேட். எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம், அதற்கு யாருக்கும் ஒரு பைசா கொடுக்க வேண்டாம்.

எனக்கு உறுத்திய இன்னொரு விஷயம் எல்லைப் பிரச்சினை. கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இருபத்து சொச்சம் கிலோமீட்டர்தான். ஆனால் புதுச்சேரி ஒரே துண்டாக இல்லை, தமிழ்நாட்டு கிராமங்களுக்கு நடுவே துண்டு துண்டாகக் கிடக்கிறது, எந்தத் தெரு எந்த மாநிலம் என்று அந்த ஊர்க்காரர்களுக்கே சில இடத்தில் யோசிக்க வேண்டும். சில வருடம் முன்பு மீன் விற்கும் ஒரு அம்மா அழுதுகொண்டே கடைக்கு வந்தார். பஸ்ஸை விட்டு இறங்கும்போது எல்லைப் பக்கம் யாரோ பர்ஸைப் பிடுங்கிக்கொண்டு ஓடிவிட்டார்கள். ஒரு ஸ்டேஷனில் "இது எங்க லிமிட் இல்லம்மா" என்றார்கள், அடுத்த மாநிலத்து ஸ்டேஷனிலும் அதே வார்த்தை. மூன்று தடவை பெறுநர் முகவரியை மாற்றி மாற்றி மனு அடித்துக் கொடுத்து மூன்று தடவையும் காசு வாங்கினேன். எந்த ஸ்டேஷனாக இருந்தாலும் வாங்கி, எண் போடாமல் ஜீரோ எஃப்.ஐ.ஆராகப் பதிந்து உரிய ஸ்டேஷனுக்கு மாற்ற வேண்டும் என்று மத்திய உள்துறை 2013லேயே சொல்லியிருந்தது. இப்போது பி.என்.எஸ்.எஸ். 173இலேயே வந்துவிட்டது, குற்றம் எங்கே நடந்திருந்தாலும் சரி என்று. அந்த அம்மாவுக்கும் தெரியாது எனக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் ஒரே மனுவில் அந்தப் பிரிவை எழுதிக் கொடுத்திருப்பேன். அவரை அப்புறம் பார்க்கவே இல்லை.

சனிக்கிழமை மாலை வகுப்பு முடிந்து பஸ்ஸில் திரும்பினால் தவளக்குப்பம், கிருமாம்பாக்கம், கன்னியக்கோவில், முள்ளோடை தாண்டியதும் சோதனைச்சாவடியில் பைகளைத் திறந்து பார்ப்பார்கள், பாட்டிலுக்காக. இதையும் சார் விடவில்லை. "அந்தப் பக்கம் கடையில பில் போட்டு வாங்கின அதே பாட்டில் பாலம் தாண்டினா கேஸ் ஆகுதே, எப்படி?" அந்தப் பக்கம் 1970ஆம் வருட புதுச்சேரி கலால் சட்டம், இந்தப் பக்கம் 1937ஆம் வருட தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம். மதுவிலக்கே இல்லாத மாநிலத்தில் மதுவிலக்குச் சட்டத்தில்தான் வழக்கு என்று தலையாரி ஐயா சிரித்தார். இன்னும் பின்னால் போனால் புதுச்சேரியில் 1963 வரை நம்ம ஐ.பி.சி.யே கிடையாது, பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன தண்டனைச் சட்டம்தான் ஓடிக்கொண்டிருந்தது. பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட காலத்தில் எல்லை தாண்டினால் இந்தப் பக்கப் போலீஸ் தொட முடியாது. பாரதியார் பத்து வருடம் அங்கே இருந்ததும் அதனால்தானே. 1918 நவம்பரில் இந்தப் பக்கம் காலெடுத்து வைத்ததும் பிடித்துக் கடலூர் சிறையில் வைத்துவிட்டார்கள், டிசம்பர் 14ஆம் தேதிதான் விட்டார்கள்.

ஆட்கொணர்வு மனு பாடத்துக்கு சார் எடுத்துக்கொண்டது எங்கள் மாவட்டத்து வழக்கையே. 1993இல் கம்மாபுரம் காவல் நிலையத்துக்கு அழைத்துப் போகப்பட்ட கூலித் தொழிலாளி திரும்பவில்லை, அவர் மனைவி சார்பில் உயர் நீதிமன்றத்தில் மனு, வழக்கறிஞர் கே. சந்துரு, பின்னாளில் நீதிபதியானவர். ஆளைக் காணோம், தப்பி ஓடிவிட்டார் என்று போலீஸ் சொன்னால் அதோடு முடியாது, கடைசியாக யார் பொறுப்பில் இருந்தார் என்ற கேள்விக்குப் பதில் வந்தாக வேண்டும். சார் இதைச் சொல்லும்போது ஊர்க்காவல் படைத் தம்பி குனிந்தே உட்கார்ந்திருந்தார். வகுப்பு முடிந்து பஸ் ஸ்டாண்டு வரை எங்களோடு நடந்து வந்தார், ஒரு வார்த்தை பேசவில்லை.

இப்போது குறைகள். அச்சடித்துக் கொடுத்த புத்தகம் முழுக்க ஐ.பி.சி., சி.ஆர்.பி.சி., சாட்சியச் சட்டம். 2024 ஜூலை 1ஆம் தேதி மூன்றும் போய் பாரதிய நியாய சன்ஹிதா, நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, சாக்ஷ்ய அதினியம் வந்துவிட்டன, எங்களுக்குப் பாதி வருடம்தான் ஆகியிருந்தது. புதுப் புத்தகம் கடைசி வரை வரவே இல்லை. நான்தான் பழைய பிரிவு, புதுப் பிரிவு என்று இரண்டு பத்தியில் அட்டவணை அடித்து வகுப்புக்கே ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தேன், அதற்கும் யாரும் காசு தரவில்லை. கொலை 302 இப்போது 103. மோசடி 420 இப்போது 318இன் நான்காவது உட்பிரிவு, ஆனால் ஊரில் ஏமாற்றுக்காரனை ஃபோர் ட்வென்டி என்றுதான் இன்னும் நூறு வருடத்துக்குத் திட்டுவார்கள். முன்ஜாமீன் 438 இப்போது 482. பழைய 482 என்பது வழக்கையே ரத்து செய்யச் சொல்லி உயர் நீதிமன்றம் போகிற பிரிவு, அது 528க்குப் போய்விட்டது. குழப்பத்தின் உச்சம் 144. ஊரடங்கு, தடை உத்தரவு என்றால் 144 என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும், அது இப்போது 163. புது 144 என்ன தெரியுமா? ஜீவனாம்சம். "125 கேஸ் போடணும்கா" என்று வரும் பெண்களிடம் "இப்ப அது 144" என்றால் மிரண்டு போகிறார்கள்.

பழையதை மறந்துவிடலாம் என்றும் இல்லை. ஜூலை 1க்கு முன்பு நடந்த குற்றத்துக்கு ஐ.பி.சி.தான், அந்த வழக்குகள் எல்லாம் முடிய இன்னும் எத்தனை வருடமோ. அதுவரை இரண்டையும் தலையில் வைத்துக்கொண்டுதான் டைப் அடிக்க வேண்டும்.

மற்றபடி சிவில் பாடத்துக்கு ஆளே ஒழுங்காக வரவில்லை. குடும்பச் சட்டம் எடுத்த மேடம் நன்றாக எடுத்தார், ஆனால் நோட்ஸ் முழுக்க இங்கிலீஷ், பாதிப் பேர் போட்டோ எடுத்து மொபைலில் மொழிபெயர்த்து அது தந்த அபத்தத்தை மனப்பாடம் செய்தார்கள். சான்றிதழ் வரவே தேர்வு முடிந்து ஆறு மாதம் ஆனது. மாதிரி நீதிமன்றம் என்று ஒரு நாள் வைத்தார்கள், எல்லோரும் சினிமா பார்த்துவிட்டு வந்து மேஜையைத் தட்டினார்கள். முப்பது வருட சர்வீஸில் ஒரு ஜட்ஜ் கையிலும் சுத்தியல் பார்த்ததில்லை என்று சார் தலையில் அடித்துக்கொண்டார்.

சரி, எல்லோரும் கேட்கிற கேள்விக்கு வருகிறேன். வேலை கிடைக்குமா? இந்த டிப்ளமாவுக்கென்று அரசு வேலை எதுவும் இல்லை. வாதாட முடியாது, முடியவே முடியாது. அதற்கு சட்டப் பட்டம் வேண்டும், பிளஸ் டூவுக்குப் பிறகு ஐந்து வருடம், டிகிரிக்குப் பிறகு மூன்று வருடம், பார் கவுன்சிலில் பதிவு, அப்புறம் அகில இந்தியத் தேர்வு. தபாலில் சட்டம் படித்தால் பதிவு செய்ய மாட்டார்கள். பிளஸ் டூ படிக்காமல் நேரடியாகத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் டிகிரி வாங்கி, அதை வைத்துச் சட்டம் படித்தவர்களையும் பதிவு செய்ய மாட்டார்கள். வெளிமாநிலத்தில் லெட்டர்பேடு காலேஜில் வகுப்புக்கே போகாமல் பட்டம் வாங்கித் தருகிறேன் என்று யாராவது வந்தால் காசைக் கொடுத்துவிடாதீர்கள், அப்படிக் கொடுத்தவர்களின் மனுவையும் நான் அடித்திருக்கிறேன். பையன் உண்மையாகவே வக்கீல் ஆக வேண்டுமென்றால் விழுப்புரத்தில் அரசு சட்டக் கல்லூரி இருக்கிறது, புதுச்சேரிக்காரர்களுக்குக் காலாப்பட்டில் இருக்கிறது, அங்கே முயற்சி செய்யுங்கள். எஸ்.ஐ. ஆகணும் என்றால் ஏதோ ஒரு டிகிரியும் ஓடத் தெம்பும் வேண்டும்.

சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் சட்டத் தன்னார்வலராகச் சேர இந்த டிப்ளமா தேவையே இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். எழுதப் படிக்கத் தெரிந்து, பத்தாவது படித்திருந்தால் நல்லது, பயிற்சியை அவர்களே கொடுப்பார்கள். வேலை செய்யும் நாளுக்கு மதிப்பூதியம், சம்பளம் இல்லை. நான் விண்ணப்பம் போட்டிருக்கிறேன். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச வக்கீல் உண்டு என்பதே எனக்கு நாற்பத்து மூன்று வயதில்தான் தெரிந்தது, அதுவும் அந்த ஆபீஸிலிருந்து நடக்கிற தூரத்தில் உட்கார்ந்துகொண்டு. 15100 என்ற சட்ட உதவி எண்ணுக்குப் போன் அடித்தால் சொல்வார்கள்.

அப்புறம் யார்தான் சேரலாம் என்றால், என்னை மாதிரி கோர்ட், ஸ்டேஷன், தாலுகா ஆபீஸ் வாசலில் ஏற்கெனவே காகிதத்தோடு பிழைக்கிறவர்கள். குமாஸ்தா, பத்திரம் எழுதுபவர், சுய உதவிக் குழுவில் கணக்கு எழுதுகிற அக்கா, ஊர்க்காவல் படை. பிளஸ் டூ முடித்த பிள்ளைகளுக்கு அந்த ஒரு வருடம் வீண் என்று அந்த இரண்டு பெண்பிள்ளைகளே சொன்னார்கள், ஒருத்தி நடுவிலேயே நர்சிங்குக்குப் போய்விட்டாள்.

போன வாரம் ஒருவர் ஷூரிட்டி பத்திரம் அடிக்க வந்தார். தங்கை புருஷனுக்கு ஜாமீனாம். அடித்து முடித்து, பிரிண்ட் கொடுப்பதற்கு முன்னால் "அண்ணே, இந்த மூணாவது வரியை ஒரு தடவை படிச்சுட்டு கையெழுத்துப் போடுங்க" என்றேன். படித்தார். இன்னொரு தடவை படித்தார். பாக்கெட்டிலிருந்து எடுத்த பேனாவைத் திரும்ப உள்ளே வைத்துக்கொண்டு, "தங்கச்சிகிட்ட ஒரு வார்த்தை பேசிட்டு வந்துடறேன்" என்று போனவர்தான். பின்னால் நின்ற குமாஸ்தா என்னைப் பார்த்து, "யக்கா, உனக்கு டைப் அடிக்கத்தானே காசு?" என்றார். பேப்பருக்கும் பிரிண்டுக்கும் சேர்த்து நாற்பது ரூபாய் நஷ்டம்.